கண் மங்கிய சாரதி

சென்னைப் பட்டணத்தில் பகவானே சாரதியாகக் கோயில் கொண்டிருக்கிறார். திருவல்லிக்கேணிக்குப் போய்ப் பார்த்தசாரதி சுவாமியைச் சேவித்தவர்கள், உற்சவ மூர்த்தியின் திருமுகத்தில் உள்ள வடுக்களைக் கவனித்திருப்பார்கள். பாரத யுத்தத்தில் பீஷ்மருடைய அம்புகள் பட்ட தழும்புகள் அவை என்று பெரியோர்கள் சொல்வது வழக்கம். தேரில் நின்று வில்லை வளைத்தவனுக்கு வெற்றி கிடைத்தது. தேரின் முன்னால் உட்கார்ந்து குதிரைகளை ஓட்டியவருக்குத் தழும்பு கிடைத்தது! சாரதியின் உத்தியோகம் அன்று தொட்டு இன்று வரை ஏறக்குறைய இப்படித்தான் இருந்து வருகிறது.

அந்தத் திருவல்லிக்கேணிக்குச் சில மைல் வடக்கே, இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீண்டு செல்லும் சாலையில் பகலோ இரவோ எந்நேரம் போய் நின்றாலும் இக்காலத்துச் சாரதிகளை வரிசை வரிசையாகக் காணலாம். நாற்பது அடி நீளமுள்ள இரும்புப் பெட்டிகளைச் சுமந்து கொண்டு டிரெய்லர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்து செல்கின்றன. அவற்றின் பிரம்மாண்டத்தைப் பார்த்து மலைத்துப் போகிற நாம், ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்ப்பது அபூர்வம். ஒரு நாள் கொஞ்ச நேரம் நின்று முகங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். நரைத்த தலைகளும், பல் விழுந்த வாய்களும், பேரன் பேத்தி எடுத்த முகங்களும் எத்தனை என்று தெரிய வரும். பலருடைய சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி இருக்கும். முகத்தில் இருக்க வேண்டிய கண்ணாடி பையில் இருப்பானேன் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

வட சென்னையின் இந்தக் கடலோரம் வண்டி வாகனங்களின் தாய்வீடு. தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பிற்று. தேசம் சுதந்திரம் பெற்ற மறு வருஷம், அதாவது 1948-இல், ரகுநந்தன் சரண் என்னும் தேசபக்தர் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் கம்பெனி எண்ணூரில் தொழிற்சாலை அமைத்தது. 1955-இல் அது அசோக் லேலண்டு ஆயிற்று. பாரத நாட்டுச் சாலைகளில் ஓடும் லாரிகளில் எத்தனையோ, எண்ணூர் உப்புக் காற்றில் பிறந்தவை. 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வேலை தொடங்கியது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களுக்கென்றே தனி முனையம் திறந்தார்கள். நம் தேசத்தில் அப்படிப்பட்ட முனையம் அதுதான் முதலாவது. 2001-இல் எண்ணூரிலும் ஒரு பெரிய துறைமுகம் ஏற்பட்டு, 2014-இல் காமராஜர் பெயரைப் பெற்றது.

இந்த வருஷக் கணக்கையெல்லாம் ஒப்பிப்பதற்குக் காரணம் உண்டு. 1983-இல், இருபத்திரண்டு வயதில், ஒரு பிள்ளையாண்டான் கிளீனராக வண்டி ஏறினான் என்று வைத்துக் கொள்வோம். சில வருஷங்களில் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பான். இன்று அவனுக்கு அறுபது வயது கடந்துவிட்டது. இந்த நாற்பது வருஷங்களில் துறைமுகத்தில் பழைய கிரேன்கள் போய்ப் புதிய கிரேன்கள் வந்துவிட்டன. கணக்குப் புத்தகங்கள் போய்க் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. லாரியே மூன்று தலைமுறை மாறிவிட்டது. மாறாதவர் சாரதி ஒருவர்தான். பெட்டகத் தொழில் இங்கே பிறந்தபோது பிள்ளையாக வந்தவர், அது வளர்ந்து செழித்த பிறகும் அதே ஆசனத்தில் கிழவராக உட்கார்ந்திருக்கிறார்.

“அனுபவசாலிகள் அல்லவா? தொழிலின் மேலுள்ள பிரியத்தினால் விட மனமில்லாமல் ஓட்டுகிறார்கள்!” என்று சிலர் சொல்லக் கூடும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் வாஸ்தவம் வேறு. திருவொற்றியூரில் ஒரு டீக்கடை வாசலில் நாம் சந்தித்த பெரியவர் ஒருவருக்கு அறுபத்தாறு வயது. “ஐயா! இந்த வயதில் ராத்திரி வண்டி ஓட்டுகிறீர்களே, கண் தெரிகிறதா?” என்று கேட்டோம். அவர் சிரித்துக் கொண்டே, “தெரிகிறது என்று சொன்னால்தானே வீட்டில் அடுப்பு எரியும்?” என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்துக் காட்டினார். கண்ணாடி போட்டுக் கொண்டு முதலாளி கண்ணில் பட்டால், ‘பெரியவருக்கு வயசாகிவிட்டது’ என்று வண்டியை வேறு ஆளிடம் கொடுத்து விடுவாராம். ஆகையால் ஷெட்டை விட்டு வண்டி வெளியே வந்த பிறகுதான் கண்ணாடியை மாட்டிக் கொள்வாராம்!

“உம்முடைய மகனும் இந்தத் தொழில்தானா?” என்று விசாரித்தோம். பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது. “நான் பட்டது போதாதா? அவனை ஏன் இதில் இழுக்க வேண்டும்?” என்றார். நாடெங்கும் லாரி முதலாளிகள் டிரைவர் கிடைக்கவில்லை, டிரைவர் கிடைக்கவில்லை என்று முறையிடுகிறார்களே, அதற்குப் பதில் இந்தக் கோபத்தில் இருக்கிறது. தகப்பன் தன் தொழிலுக்குப் பிள்ளையை அனுப்ப மறுக்கிறான். பிள்ளை வராததனால் தகப்பனையே எழுபது வயது வரை ஓட்டச் சொல்கிறது தொழில்.

அப்படி இந்தத் தொழிலில் என்ன கஷ்டம்? வண்டி ஓட்டுவது கஷ்டமல்ல. அதை நாற்பது வருஷம் செய்தவருக்குக் கை தானாகவே கியரைத் தேடிப் போகும். ஓட்டாமல் காத்திருப்பதுதான் கஷ்டம். துறைமுகத்தின் வாசலில், முக்கியமாக ஜீரோ கேட் என்று சொல்லும் வடக்கு வாயிலில் நுழைவதற்காக, லாரிகள் மைல் கணக்கில் வரிசையாக நின்ற நாட்கள் அநேகம். ஓர் இரவு, இரண்டு இரவு என்று வண்டியிலேயே கழித்தவர்கள் உண்டு. வரிசை எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. தூங்கினால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். இறங்கிப் போய் ஒதுங்குவதற்குச் சாலையோரத்தில் ஓர் இடம் கிடையாது. சர்க்கரை வியாதிக்காரருக்கு மணிக்கொரு முறை எழுந்து போக வேண்டியிருக்குமே, அவர் என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக் கொள்கிறார். சித்திரை மாதத்து வெயிலில், என்ஜின் சூட்டுக்கு மேல், தாகத்தை அடக்கிக் கொண்டு ஒரு வயோதிகர் உட்கார்ந்திருக்கிறார். 2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்திலிருந்து தயாராகும் புது லாரிகளில் குளிர்சாதனம் இருந்தே ஆக வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டிருப்பது நல்ல காரியம். ஆனால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை பழைய வண்டிகள்தாம்.

இந்தக் காத்திருப்புக்குக் கூலியும் இல்லை. டிரிப்புக்கு இவ்வளவு, பேட்டா இவ்வளவு என்பதுதான் பேச்சு. சக்கரம் சுழன்றால் காசு. நின்றால் சாரதியின் ஆயுள்தான் செலவு. கப்பல் ஒரு நாள் தாமதித்தால் அதற்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து வாங்கி விடுகிறார்கள். இரும்புப் பெட்டி துறைமுக எல்லையில் குறித்த நாளுக்கு மேல் தங்கினால் அதற்கும் வாடகை உண்டு. கப்பலுக்கும் பெட்டிக்கும் நேரம் பொன் போன்றது. மனிதருடைய நேரத்துக்கு மட்டும் மதிப்பில்லை!

வரிசையைக் குறைப்பதற்கு ஒரு வழி கண்டார்கள். துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரையில் லாரிகள் தடையின்றிப் போக, தூண்களின் மேல் ஒரு பறக்கும் சாலை. 2009-ஆம் வருஷம் ஜனவரி மாதம் பிரதம மந்திரி மன்மோகன் சிங் அஸ்திவாரக் கல் நாட்டினார். 2012-இல் வேலை நின்றது. பிறகு திட்டத்தை ஈரடுக்குச் சாலையாக மாற்றி, 2022-ஆம் வருஷம் மே மாதம் பிரதம மந்திரி மோடி மறுபடியும் அஸ்திவாரக் கல் நாட்டினார். யார் மேல் பிழை என்று வழக்காடுவது நம் நோக்கமல்ல. ஒரு சின்னக் கணக்கை மட்டும் சொல்லுகிறோம். முதல் கல்லை நாட்டியபோது நாற்பத்தெட்டு வயதாயிருந்த சாரதிக்கு, இரண்டாவது கல்லை நாட்டியபோது அறுபத்தொன்று. சர்க்கார் உத்தியோகஸ்தராயிருந்தால், அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் அவருக்கு மாலை போட்டு வழியனுப்பியிருப்பார்கள். இவரோ வரிசையில் நின்று கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் வாசகர்களில் சிலருக்கு ஒரு நியாயமான ஆட்சேபம் தோன்றும். “கண் மங்கிய கிழவர் பல டன் பாரத்துடன் சாலையில் வருவது மற்றவர்களுக்கு அபாயமல்லவா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற சாலையல்லவா? அறுபது வயதுக்கு மேல் லைசென்ஸே கொடுக்கக் கூடாது என்று சட்டம் செய்துவிட்டால் என்ன?” என்று கேட்பார்கள். அபாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அதிலும் இந்த வட்டாரத்து லாரிகளில் பெட்டகங்கள் மட்டுமா போகின்றன? பெட்ரோலும், சமையல் வாயுவும், ஆலைகளுக்கு வேண்டிய திராவகங்களும் போகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நமது நாட்டில் லாரி ஓட்டுவதற்கு வயதின் மேல்வரம்பு கிடையாது. லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது டாக்டருடைய சான்றிதழ் கொடுத்தால் போதும். முன்னெல்லாம் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2019-இல் சட்டத்தைத் திருத்தி அதை ஐந்து வருஷமாக்கினார்கள். இளைஞருக்கு இது சௌகரியந்தான். ஆனால் அறுபத்து நாலு வயதில் ஒரு முறை கண்ணைக் காட்டினவர், அப்புறம் அறுபத்தொன்பதில் காட்டினால் போதும் என்றால், நடுவில் புரை வளர்ந்தால் யார் பார்ப்பது? இங்கிலாந்தில் லாரி டிரைவர்கள் நாற்பத்தைந்து வயதிலிருந்து ஐந்து வருஷத்துக்கொரு தடவையும், அறுபத்தைந்துக்குப் பிறகு வருஷந்தோறும் லைசென்ஸைப் புதுப்பித்துத் தேக நலத்தை ருஜுப்படுத்த வேண்டும். அங்கும் வயதைக் காட்டி யாரையும் தள்ளிவிடவில்லை. பார்வையைத்தான் பரீட்சிக்கிறார்கள்.

ஆனால் பரீட்சை மட்டும் போதுமா? தேறாதவருடைய கதி என்ன? வெளியூர்களில் உதாரணம் தேட வேண்டாம். இராயபுரத்திலேயே இருக்கிறது. லாரி வரிசைக்குப் பக்கத்தில் தண்டவாளம் போகிறது. தண்டவாளத்தில் ஓடுகிற வண்டிக்கும் ஒரு சாரதி இருக்கிறார். அவருக்கும் கண் பரீட்சை உண்டு; வயது ஏற ஏற அந்தப் பரீட்சை அடிக்கடி வரும். பார்வை குறைந்துவிட்டது என்று டாக்டர் எழுதினால் ரயில்வேயார் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. சம்பளத்துக்குப் பழுதில்லாமல் வேறு வேலை கொடுக்கிறார்கள். அறுபது வயதில் ஓய்வு கொடுக்கிறார்கள். ஆகவே ரயில் சாரதி தம் கண்ணின் குறையை மறைக்க வேண்டிய அவசியமில்லை. லாரிச் சாரதிக்கோ, குறையைச் சொன்னால் அன்றே பிழைப்புப் போய்விடும். அதனால் அவர் மறைக்கிறார். கண்ணாடி பையில் கிடப்பதன் ரகசியம் இதுதான். இரண்டு சாரதிகளுக்கும் கண் ஒன்றே. ஒருவருக்கு உண்மை சொல்லுவது கட்டுப்படியாகிறது, மற்றவருக்குக் கட்டுப்படியாகவில்லை. சாலையில் நம் குழந்தைகளுடைய உயிருக்குப் பத்திரம் வேண்டுமானால், சாரதி உண்மை சொல்லும்படியான நிலைமையை முதலில் உண்டாக்க வேண்டும்.

சட்டங்களே இல்லையென்று சொல்ல முடியாது. 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அன்றே விதித்தது. ஆனால் ஐந்து பேராவது வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்குத்தான் அது செல்லுபடியாயிற்று. 2020-இல் பார்லிமெண்ட் பல தொழிற்சட்டங்களை ஒன்று சேர்த்தபோது இதையும் அவற்றுடன் சேர்த்துவிட்டார்கள். பிராவிடண்ட் பண்டுக்கு இருபது பேர் வேண்டும். இரண்டு லாரி, மூன்று லாரி வைத்திருக்கும் சிறு முதலாளியிடம் வேலை செய்கிறவர் இந்த வலைகளின் கண்களில் புகுந்து கீழே விழுந்து விடுகிறார். அந்த முதலாளியையும் குறை சொல்லிப் பயனில்லை. வங்கித் தவணை, டீசல், டயர், எஃப். சி. என்று அவர் விழி பிதுங்கிக் கிடக்கிறார். அவரில் அநேகர் நேற்றுவரை டிரைவராயிருந்தவர்கள்.

2019-இல் அசங்கடிதத் தொழிலாளருக்கென்று இந்திய சர்க்கார் ஒரு பென்ஷன் திட்டம் கொண்டு வந்தது. அறுபதுக்கு மேல் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். நல்லதுதான்; ஆனால் பதினெட்டிலிருந்து நாற்பது வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு அந்த வண்டி போய்விட்டது! தமிழ்நாட்டு சர்க்கார் ஓட்டுநர்களுக்காக நல வாரியம் வைத்து, அறுபது வயது நிறைந்த அங்கத்தினருக்குப் பென்ஷனும் கொடுக்கிறது. இதற்காக நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆயினும் அந்தத் தொகை ஒரு வீட்டின் அரிசி பருப்புக்கே காணாது. அதை நம்பி ஒருவரும் ஸ்டியரிங்கை விட மாட்டார். அறுபதுக்கு முன்பே பதிந்து கொள்ள வேண்டுமென்பது பலருக்குத் தெரியவும் தெரியாது.

வழி என்ன? அதற்கும் இதே துறைமுகத்தின் சரித்திரத்தைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கிய தொழிலாளிகள் தினம் காலையில் வாசலில் வந்து நிற்பார்கள். மேஸ்திரி விரலை நீட்டியவனுக்கு வேலை, மற்றவனுக்குப் பட்டினி. முதுகு வளைந்தவன் பக்கம் விரல் நீளாது. 1948-ஆம் வருஷம், சுதந்திரம் வந்து ஓராண்டுகூட ஆகாத சமயத்தில், துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் வந்தது. அதன்படி சென்னையிலும் ஒரு வாரியம் ஏற்பட்டது. தொழிலாளியின் பெயரைப் பதிவு செய்தார்கள். முறை வைத்து வேலை கொடுத்தார்கள். வந்து காத்திருந்து வேலை கிடைக்காமற் போன நாளுக்கும் ஒரு படி கொடுத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது? ஒரே முதலாளியின் தலையில் பாரத்தை வைக்கவில்லை. தொழிலாளிகளை வேலைக்கு அமர்த்திய எல்லாரிடமும் ஒரு வரி வசூலித்தார்கள். அதனால் துறைமுகம் மூழ்கிப் போய்விடவில்லை.

கட்டட வேலைக்காரர்களுக்காக 1996-இல் செய்த சட்டமும் இத்தகையதே. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் அவர்களுடைய நல நிதிக்குப் போகிறது. இன்றைய கொத்தனார் எந்த மேஸ்திரியிடம் வேலை செய்தாலும் அந்த நிதி அவருக்குப் பொது. துறைமுகத்துக்குள் நுழைகிற ஒவ்வொரு பெட்டகத்தின் பேரிலும் இது போல் ஒரு சிறு தொகை வசூலித்துச் சாரதிகளின் நிதியில் சேர்ப்பதில் என்ன கஷ்டம்? பெட்டி ஒவ்வொன்றுக்கும் நம்பர் இருக்கிறது. வாசலைத் தாண்டும் நேரம் நிமிஷக் கணக்கில் பதிவாகிறது. அதை ஓட்டி வந்தவருடைய பெயரையும் பக்கத்தில் எழுதிக் கொண்டால் போதும். எந்த முதலாளியின் வண்டியை ஓட்டினாலும் அவருடைய கணக்கு வளர்ந்து கொண்டே போகும்.

அந்த நிதியிலிருந்து முதலில் நடக்க வேண்டிய காரியங்கள் மூன்று. லாரிகள் நிற்கும் இடங்களில் குடிதண்ணீரும், கக்கூசும், படுக்க ஒரு கொட்டகையும். இரண்டாவது, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு வருஷந்தோறும் கண்ணும் சர்க்கரையும் பார்த்து, புரை இருந்தால் எடுத்து, அந்த நாட்களுக்குக் கூலியும் கொடுப்பது. மூன்றாவது, பரீட்சையில் தேறாதவருக்கு இளைஞரைப் பழக்கும் வேலையோ, வண்டிகளை வரிசைப்படுத்தும் வேலையோ கொடுப்பது; முடியாதவருக்கு வயிறு நிறையும்படியான பென்ஷன். நாற்பது வருஷம் விபத்தின்றி ஓட்டியவரைவிட நல்ல உபாத்தியாயர் யார்? அவர் கௌரவமாக உட்கார்ந்து கற்றுக் கொடுப்பதைப் பார்த்தால், தொழிலுக்கு வர இளைஞருக்கும் மனம் வரும்.

இதையெல்லாம் கேட்டு வாங்கும் சக்தி சாரதிகளுக்கு உண்டா என்றால், வட சென்னைக்கு அந்தப் பாடத்தை யாரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையேதான். ஆனால் ஆலைத் தொழிலாளி தினமும் ஒரே வாசலில் கூடினான். சாரதியோ ஒவ்வொருவராகத் தனித் தனிக் காபினில் அடைபட்டிருக்கிறார். அவர்களுக்காக மற்றவர்களும் கொஞ்சம் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மற்றவர்கள் என்று நாம் சொல்லுவது வாசகர்களைத்தான். நம் வீட்டு மின்விசிறியும், மிக்ஸியும், குழந்தையின் பொம்மையும், அல்லது அவற்றின் உள்ளே இருக்கும் ஏதோ ஓர் உறுப்பும், கடல் தாண்டி வந்து அந்த வரிசையில் காத்திருந்த பிறகே நம்மிடம் வந்து சேருகின்றன. நமக்குத் தெரிந்த லாரி முதலாளி யாராவது இருந்தால், அவருடைய டிரைவர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேட்பதற்குச் சட்டசபைக்குப் போக வேண்டியதில்லை. பதியவில்லையென்றால் மனு எழுதிக் கொடுப்பதற்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் போதும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், அறுபது கடந்த சாரதிக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வியும் கேட்டு வைக்கலாம். பென்ஷனும் மாற்று வேலையும் நிச்சயமாகிற நாளில், அந்தப் பெரியவர்கள் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து முதலாளியின் எதிரிலேயே மாட்டிக் கொள்வார்கள். அதனால் அவர்களுக்கு மட்டுமல்ல, அதே சாலையில் போகிற நமக்கும் க்ஷேமம்.